வெண்ணெய் வாசம் அடிக்கிற பில்ஸ்னர் நல்ல பியரா, கோளாறு பியரா?

டெர்பி சுடலை:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வாசிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன். இப்ப வீட்டுல ஒரு பஞ்சாயத்து ஆயிப்போச்சு, அதான் எழுதுறேன்.

போன அக்டோபர்ல செக் நாட்டுக்குப் போயிருந்தேன். பில்ஸ்னர்ங்கிற பொன்னிற, கசப்பான பியர் பொறந்த பில்சன் ஊர்ல பில்ஸ்னர் உர்குவெல் ஆலையைச் சுத்திக் காட்டுவாங்க. கடைசியா நிலவறைக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. சுவரெல்லாம் ஈரம், ஆளை விடப் பெரிய மரப்பீப்பாய் வரிசையா கிடக்கு. அதுல இருந்து நேரா பிடிச்சு ஒரு கிளாஸ் கையில குடுத்தாங்க. லேசா கலங்கல், தேன் கலர். குளிர்ல நான் நடுங்கிக்கிட்டே குடிச்சேன். கசப்பு நாக்குல ஏறி நிக்குது, ஆனா அடியில ரொட்டி கருகுற பதத்துல ஒரு இனிப்பு. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே பியர்னா இதான்னு.

ஊருக்கு (அதாவது இங்கிலாந்துல இருக்கிற டெர்பிக்கு) வந்து நண்பர்கள்கிட்ட இதையே பாட்டாப் பாடிட்டு இருந்தேன். அவனுக சொன்னானுக, சரி, வாங்கிட்டு வா, மார்க் போட்டுப் பாத்துருவோம்னு. பியர் நடுவர்களுக்கு பி.ஜே.சி.பி.ன்னு ஒரு அமைப்பு இருக்குல்ல, அவங்க படிவத்தை அச்செடுத்தேன். மொத்தம் 50 மார்க்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில படுற விதத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. நாங்க அஞ்சு பேர். ஒரு பக்கம் உர்குவெல் டின். எதிர்ப்பக்கம், பச்சை பாட்டில்ல வர்ற பேர்பெற்ற ஒரு ஐரோப்பிய லாகர் (குளிர்ல நொதிக்க வைக்கிற பியர் வகை, பில்ஸ்னரும் அதுல ஒண்ணு), பேர் வேண்டாம். பக்கத்துக் கடையில ஜன்னலோரத் தட்டுல இருந்து எடுத்தது.

சராசரி: பச்சை பாட்டில் 35, என் பில்ஸ்னர் 29. மானம் போச்சு.

செல்வம்னு ஒருத்தன் 22 தான் போட்டான். "என்னலே இது, வெண்ணெய் வாசம் அடிக்கு, பாப்கார்ன் மாதிரி இருக்கு, கோளாறு பியர்"னு எழுதியே வச்சுட்டான். எனக்கு அந்த வாசம் சுத்தமா தெரியல. முருகனோ பச்சை பாட்டிலை மூடி திறந்த உடனே மோந்து பாத்துட்டு "இதான்டா ஃபாரின் பியர் வாசம்"னு சொக்கிப்போனான். எனக்கு அது பெருங்காய டப்பாவைத் திறந்த மாதிரி இருந்துச்சு. ஆனா ஒத்த ஆளா நின்னு என்ன சொல்ல?

என் கேள்வி மூணு. வெண்ணெய் வாசம் கோளாறா? எனக்கு ஏன் தெரியல? பில்சன்ல நான் குடிச்சதுக்கும் இந்த டின்னுக்கும் ஏன் இவ்வளவு தூரம், இல்ல எல்லாம் என் மனப்பிராந்தியா?

டின் அடியில தேதி பாத்தேன், இன்னும் ஏழு மாசம் இருக்கு.


பூவரசடி:

தம்பி, உங்கட பஞ்சாயத்தை வாசிச்சுச் சிரிச்சுப்போட்டன். நாங்கள் ஊரில பனங்கள்ளு குடிக்கேக்க ஆரும் 50க்குப் புள்ளி போடேல்லை. ஆனால் ஒண்டு, காலமை இறக்கின கள்ளைப் பின்னேரம் ஆரும் அதே கள்ளெண்டு சொல்லமாட்டினம். பீப்பாயில குடிச்சதையும் டின்னில குடிச்சதையும் ஒண்டெண்டு நீங்கள் ஏன் நினைக்கிறியள்?

அதுக்கு மேல எனக்கு விளங்காது. சில்லெண்டு இருந்தால் போதும் எனக்கு.


மோர்க்காரி:

சுடலை, உங்க நண்பர் செல்வத்தோட மூக்கை நான் மதிக்கிறேன். ஒன்பது வருஷம் பால் பண்ணை ஆய்வகத்துல இருந்தவள் நான். அவர் மோந்தது டைஅசிட்டைல். வெண்ணெய்க்கு வெண்ணெய் வாசம் வர்றதே பெரும்பாலும் அதனாலதான். நாங்க அதை வேணும்னே வரவைப்போம், அதுக்குன்னே பாக்டீரியா சேர்ப்போம். பாப்கார்ன்ல ஊத்துற வெண்ணெய் எசன்ஸும் ரொம்ப காலம் இதே சரக்குதான்.

பியர்ல அது எங்கிருந்து வருது? ஈஸ்ட் தனக்கு வேண்டிய ஒரு அமினோ அமிலத்தைத் தயாரிக்கிறப்ப, பாதியில நிக்கிற ஒரு பொருள் செல்லுக்கு வெளியே கசிஞ்சுரும். அது வெளியில போய் டைஅசிட்டைலா மாறும். நொதிச்சு முடியிற நேரத்துல அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உள்ளே இழுத்து, வாசமில்லாத பொருளா மாத்திரும். ஆனா அதுக்கு அவகாசம் குடுக்கணும். லாகர் குளிர்ல நொதிக்கிறதால ஈஸ்ட் சோம்பேறியா இருக்கும். அதனால கடைசி ரெண்டு மூணு நாள் சூட்டைக் கொஞ்சம் ஏத்தி வைக்கிற பழக்கம் நிறைய ஆலைகள்ல உண்டு. அவசரப்பட்டு குளிர வச்சா வாசம் தங்கிரும்.

இன்னொரு வழியும் இருக்கு. மதுக்கடையில பியர் வர்ற குழாயைக் கழுவாம விட்டா பாக்டீரியா சேர்ந்து இதே வாசத்தைக் கொண்டுவரும். அப்ப கூடவே புளிப்பும் இருக்கும். உங்களோடது டின், புளிப்புன்னு யாரும் எழுதல. அதனால அது இல்லை.

உங்களுக்கு ஏன் தெரியலன்னா, ஆளுக்கு ஆள் மூக்கு அப்படித்தான். லாகர்ல லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே சாதாரணமா தட்டுப்படும்னு கணக்கு. சிலருக்கு அதுல பாதியிலயே தெரியும், சிலருக்கு பல மடங்கு ஊத்தினாலும் தெரியாது. எங்க ஆய்வகத்துல சுவை பாக்குற குழுவுக்கு ஆள் எடுக்கும்போதே இதைச் சோதிச்சுருவோம். நீங்க தேறியிருக்க மாட்டீங்க, கோவிச்சுக்காதீங்க.

அது கோளாறா இல்லையான்னு பில்சன்வாசி அண்ணாச்சி வந்து சொல்லட்டும். அவர் அந்த ஆலைக்கு எதிர்த் தெருவுல குடியிருக்கார்.


பில்சன்வாசி:

எதிர்த் தெரு இல்லை தாயி, டிராமில் நான்கு நிறுத்தம். காற்று இந்தப் பக்கம் அடித்தால் மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, வேகும் வாசம் வரும், அவ்வளவுதான். இங்கே வந்து பதினோரு வருஷம். இயந்திர ஆலையில் வேலை. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் நெல்லை ஜங்ஷன்.

சுடலை தம்பி, முதலில் பச்சை பாட்டிலைப் பேசுவோம். உம்முடைய பந்தயத்தில் ஜெயித்ததுதான் கெட்டுப்போன பியர். அதை யாருமே கவனிக்கவில்லை பாரும்.

பெருங்காய வாசம் என்றீரே, அது சரியான மூக்கு. பியரின் கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருகிறது. அந்தக் கசப்புப் பொருளின் மேல் வெளிச்சம் பட்டால் உடையும். பியரில் இயல்பாகவே இருக்கும் ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, அந்த வெளிச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் தரகர். உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து தயோல் என்ற நாற்றப் பொருள் ஆகிறது. பெருங்காயத்திலும் நாறுவது கந்தகக் கூட்டுப்பொருள்தான், அதனால்தான் உமக்கு அது ஞாபகம் வந்தது. பழுப்புக் கண்ணாடி இந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சை அவ்வளவாகத் தடுக்காது, வெள்ளை சுத்தமாகத் தடுக்காது. டின்னுக்குள் வெளிச்சத்துக்கு வேலையே இல்லை. கடை ஜன்னலோரம் எத்தனை நாள் உட்கார்ந்திருந்ததோ அந்தப் பாட்டில்! காய்ச்சினவன் மேல் குற்றம் இல்லை.

முருகனை நான் திட்டமாட்டேன். இறக்குமதி லாகரைப் பச்சை பாட்டிலில் மட்டுமே குடித்துப் பழகின ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வாசம்தான் சீமைச் சரக்கின் முத்திரை. அது இல்லாவிட்டால் டூப்ளிகேட் என்பார்கள்.

நம்பாவிட்டால் வீட்டில் செய்து பாரும். ஒரே டின்னை இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி மேலே தட்டு போட்டு மூடி, ஒன்றை வெயில் படும் ஜன்னலில் இருபது நிமிஷம் வையும், மற்றதை அலமாரிக்குள் வையும். எடுத்து மோந்து பாரும். கசப்பு அதிகமாக இருக்கும் பியர் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். பியரின் கசப்பை அளக்கும் ஐ.பி.யு. கணக்கில் உர்குவெல் 40 பக்கம். உலகம் முழுக்க விற்கும் சாதாரண லாகர்களில் இதில் பாதி இருந்தால் பெரிது.

இப்போது வெண்ணெய். நீங்கள் எந்தப் பிரிவில் வைத்து மார்க் போட்டீர்கள் என்று எழுதவேயில்லை. பி.ஜே.சி.பி. ஏட்டில் ஜெர்மன் பில்ஸ் தனி, செக் பிரீமியம் பேல் லாகர் தனி. ஜெர்மன் பிரிவில் வைத்தால் செல்வம் சொன்னது சரி, வெண்ணெய் வாசத்துக்கு அங்கே இடமில்லை. செக் பிரிவில் லேசான டைஅசிட்டைல் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இருந்தே ஆகவேண்டும் என்றில்லை, இருந்தால் மார்க்கை வெட்டாதே என்று அர்த்தம். நம்மூர் அல்வாவுக்குப் பக்கத்தில் மைசூர்பாகை வைத்து "இது தொண்டையில் வழுக்கவில்லையே" என்று மார்க் குறைப்பீரா? லேசாக என்பதுதான் இதில் முக்கியம். மால்ட் இனிப்போடு கலந்து ஒரு வழவழப்பாக நின்றால் நல்லது. ரொட்டியில் தடவின வெண்ணெயாக முன்னால் வந்து நின்றால் நான்கூட மார்க்கைக் குறைப்பேன்.

அல்வா என்றதும் தாமிரபரணித் தண்ணீர் கதை உமக்கு ஞாபகம் வரும். இங்கேயும் தண்ணீர்க் கதைதான். பில்சன் தண்ணீரில் உப்புச் சத்து ரொம்பக் குறைவு, மழைத்தண்ணீர் மாதிரி மெத்தென்று இருக்கும். அதனால் கசப்பு கூர்மையாகக் கீறாமல் உருண்டு வரும். உமக்கு அரை மணி தூரத்தில் பர்ட்டன் இருக்கிறதே, அங்கே நேர் எதிர். ஜிப்சம் நிறைந்த கடினத் தண்ணீர், அதனால் அவர்கள் காய்ச்சும் பேல் ஏல் என்ற பியரின் கசப்பு சுள்ளென்று நிற்கும். ஒரு பர்ட்டன் பியரையும் இதையும் ஒரே மேஜையில் வைத்தால் தண்ணீருக்கே மார்க் போடலாம்.

மூன்றாவது கேள்விக்கு பூவரசடி அண்ணன் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார். நிலவறையில் நீர் குடித்தது வடிகட்டாதது, பாஸ்டரைஸ் செய்யாதது, மரப்பீப்பாயில் கிடந்தது. விற்பனைக்கு வருவதெல்லாம் 1990களிலிருந்து எஃகுத் தொட்டியில் நொதிப்பது. பழைய சுவை மாறிவிட்டதா என்று ஒத்துப் பார்க்கத்தான் இன்னும் கொஞ்சம் மரத்தில் காய்ச்சி வைக்கிறார்கள், வருகிறவர்களுக்கு அதில் ஒரு கிளாஸ். ஆக, பீப்பாய் பியரோடு டின்னை ஒப்பிட்டது உம்முடைய தப்பு. அதற்கும் டின்னுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: தொட்டி பியர். பாஸ்டரைஸ் செய்யாமல் லாரியில் கொண்டுபோய் மதுக்கடையின் பெரிய தொட்டியிலேயே இறக்கிவிடுவார்கள். டின்னை நீர் ஒப்பிட வேண்டியது இன்னொரு டின்னோடு.

சரி, எப்படி ஊற்றினீர்கள்? எவர்சில்வர் டம்ளரில் என்று சொல்லிவிடாதேயும். இங்கே பியர் ஊற்றுகிறவனுக்கு மூன்று வருஷ வேலைப் பயிற்சி மாதிரி ஒரு கர்வம் உண்டு. கிளாஸை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுவான். சோப்புப் படலம் இருந்தால் நுரை நிற்காது, காய்ந்த கிளாஸில் நுரை கட்டியாகாது. பிறகு முதலில் நுரை, அதன் அடியில் பியர். மூன்று விரல் உயரத்துக்கு ஈரமான நுரை. நுரை குறைந்தால் ஆட்கள் கிளாஸைத் திருப்பி அனுப்புவார்கள். நம் ஆட்கள் நுரையைப் பார்த்தால் ஏமாற்றிவிட்டான் என்பார்கள்! 'மிலிகோ' என்று ஒரு முறை உண்டு, பால் என்று அர்த்தம், கிட்டத்தட்ட முழு கிளாஸும் நுரை. நானும் முதல் தடவை சண்டை போட்டேன்.

குளிர் 7 டிகிரி பக்கம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் வாசம் எல்லாம் உறங்கிக் கிடக்கும். கால் மணி வெளியே வையும்.

மார்க் போடுவதில் இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, 'பிட்டெல்னோஸ்ட்'. குடித்து முடித்ததும் அடுத்ததைக் கேட்கத் தோன்றுகிறதா என்பதற்கான சொல். உம்முடைய 50 மார்க் படிவத்தில் அதற்குத் தனியிடம் இல்லை, கடைசி 10க்குள் அடக்கிக்கொள்ளலாம். 4.4 சதவீத ஆல்கஹால்தான் என்பதால் அந்தக் கேள்விக்கே இங்கே அர்த்தம் இருக்கிறது. போத்தல் மேல் 12 என்று பார்த்துவிட்டு ஒரு நண்பர் பயந்து போனார். அது காய்ச்சும்போது மால்ட் சாறு எவ்வளவு கெட்டி என்ற அளவு, போதை அளவு இல்லை.

தீர்ப்பு சொல்வதில் இந்த ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. 1838இல் இங்கே பியர் மோசமாகிவிட்டதென்று 36 பீப்பாயை ஊர்மன்றத்துக்கு முன்னால் உடைத்துக் கொட்டினார்கள். பிறகு பியர் காய்ச்சும் உரிமை இருந்த குடிமக்கள் சேர்ந்து புது ஆலை கட்டினார்கள். பவேரியாவிலிருந்து யோசஃப் க்ரோல் என்ற ஆளைக் கூட்டிவந்தார்கள். 1842 அக்டோபர் 5 அன்று அவர் முதல் கொப்பரை காய்ச்சினார். பவேரியாவில் அன்று லாகர் என்றால் கருப்பு. இங்கிலாந்து முறையில் மால்ட்டை வெளிறினதாக வறுத்து, ஜாட்டெட்ஸ் ஊர் ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டதில் பொன்னிறமாக இது பிறந்தது. உம்முடைய நாட்டு மால்ட் சூளை இல்லாமல் இந்த பியர் இல்லை, செல்வத்திடம் சொல்லும். அந்த நவம்பரில் புனித மார்ட்டின் திருநாளன்று முதல் கிளாஸ் விற்றார்கள். க்ரோலுக்கு ஒப்பந்தம் முடிந்ததும் நீட்டிக்கவில்லை, ஊருக்கே போய்விட்டார். ஊரார் நன்றியின் லட்சணம் அது.

இன்னொன்று, 'இறக்குமதி' என்ற சொல்லையே கொஞ்சம் சோதித்துப் பாரும். உங்கள் நாட்டில் ஸ்பெயின் பெயரோடு வரும் மத்ரி லாகர் பிரிட்டனிலேயே காய்ச்சுவது. பெல்ஜியம் பெயரோடு வரும் ஸ்டெல்லா ஆர்ட்வாவும் அங்கே விற்பது அங்கேயே காய்ச்சினதுதான். காய்ச்சின ஊர் டின்னின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அது ஒன்றும் குற்றமில்லை, உள்ளூரில் காய்ச்சினால் புதுசாகக் கிடைக்கும். ஆனால் அதை பெல்ஜியம் தண்ணீர், ஸ்பெயின் வெயில் என்று வர்ணித்து மார்க் போடாதேயும்.

திரும்ப ஒரு தடவை நடத்தும். பாட்டிலும் டின்னும் யார் கண்ணிலும் படக்கூடாது. பச்சை பாட்டிலை மூடின அட்டைப்பெட்டியோடு வாங்கும்.


டெர்பி சுடலை:

அண்ணாச்சி, தலைவணங்குறேன். எவர்சில்வர் டம்ளர் இல்ல, பீங்கான் டீ கப். ஆளுக்கொரு கிளாஸ் இல்லாததால ரெண்டு பேருக்கு அப்படித்தான் ஊத்தினோம். அதைச் சொல்லாம மறைச்சேன்.

ஜன்னல் சோதனைக்கு டெர்பியில வெயில் வர்றதுக்கே நாலு நாள் காத்திருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் கொஞ்சம் அடிச்சுது. வேலையை வீட்டுல இருந்து பாத்துட்டிருந்தேன், மீட்டிங் நடுவுல ஓடிப்போய் வச்சேன். இருபது நிமிஷம் கழிச்சு எடுத்தா, சந்தேகமே இல்ல, அதே பெருங்காயம். அலமாரியில வச்சது அப்படியே இருக்கு. ஒரே டின்! எனக்கு மெய்சிலிர்த்துப் போச்சு, மேனேஜர் கேமராவை ஆன் பண்ணச் சொல்லிட்டாரு.

சனிக்கிழமை ரெண்டாவது பந்தயம். கிளாஸ் ஆறு வாங்கினேன். ஊத்துற வேலையை வீட்டுல சம்சாரம் எடுத்துக்கிட்டா. அவ குடிக்கமாட்டா. அடுக்களையில ஊத்தி, அடியில நம்பர் ஒட்டிக் கொண்டுவந்தா. மூணு வகை: உர்குவெல் டின், மூடின பெட்டியில வந்த பச்சை பாட்டில், பழைய ஜன்னலோரக் கடையில வாங்கின இன்னொரு பச்சை பாட்டில். செக் பிரிவு எதுன்னு யாருக்கும் சொல்லல, 'லாகர்'னு மட்டும் சொன்னேன்.

சராசரி இப்படி வந்துச்சு: உர்குவெல் 34, பெட்டி பாட்டில் 33, ஜன்னலோரப் பாட்டில் 28. ஒரு மார்க் வித்தியாசத்துல ஜெயிச்சதை ஜெயிச்சதுன்னு நான் சொல்லிக்க மாட்டேன், அஞ்சு பேர் கணக்குல அது ஒண்ணுமே இல்ல.

செல்வம் கண்ணைக் கட்டினாலும் கண்டுபிடிச்சுட்டான். எந்தக் கிளாஸ்னு தெரியாமலே உர்குவெல்லுக்கு "வெண்ணெய்"னு எழுதி 26 போட்டிருக்கான். எனக்கு இப்பவும் தெரியல. கடைசியில மிச்சம் இருந்ததை சம்சாரம் ஒவ்வொண்ணா மோந்து பாத்துட்டு, "இது பெருங்காயம். இது மாவு வறுக்கிற வாசம். இது நெய் இல்ல, நெய் உருக்குறதுக்கு முந்தி வெண்ணெய் முறியுமே, அந்த வாசம்"னு சொல்லிட்டுப் போயிட்டா. மூணும் சரி. மோர்க்காரி அக்கா, உங்க குழுவுல இடம் இருந்தா சொல்லுங்க.

முருகன்தான் மனசு உடைஞ்சுட்டான். பெட்டியில வந்த பச்சை பாட்டிலைக் குடிச்சுட்டு "இதுல வாசமே இல்ல, எவனோ டூப்ளிகேட் பண்ணியிருக்கான்"னு படிவத்துல எழுதியிருக்கான். அண்ணாச்சி சொன்ன அதே சொல்லு!

செல்வம் கேக்கச் சொன்னான்: அவன் மார்க்கை மாத்தணுமா?


பில்சன்வாசி:

மாற்ற வேண்டாம். கிளாஸில் என்ன இருக்கிறதோ அதை எழுதியிருக்கிறான், 'லாகர்' என்று மட்டும் சொன்னால் 26 நியாயம்தான். அடுத்த தடவை 'செக் லாகர்' என்று சொல்லிவிட்டு ஊற்றும், அப்போது எவ்வளவு போடுகிறான் என்று பார்ப்போம். அதற்கும் 26 என்றால் அவனை இங்கே அனுப்பி வையும். ஊருக்குள் பியர் அருங்காட்சியகத்தை ஒட்டி 'நா பர்கானு' என்று ஒரு கடை, அங்கே வடிகட்டாதது கிடைக்கும். வெண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே நானும் அவனும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிறோம். அவன் மூக்கு எனக்கு வேண்டும், என் மூக்கு இப்போது பழகிப்போய்விட்டது, பல வருஷமாக எனக்கே அது தெரிவதில்லை.

பீங்கான் கப்பைப் பற்றி நான் எதுவும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளும்.


மோர்க்காரி:

சம்சாரத்துக்கு இடம் உண்டு. உங்களுக்கு இல்லை.


டெர்பி சுடலை:

செல்வம் மே மாசத்துக்கு டிக்கெட் பாக்குறான். முருகன் மீதி இருந்த பெட்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான். இன்னைக்கு போட்டோ அனுப்பியிருக்கான்: ஆறு பச்சை பாட்டில், ஜன்னல்ல, வரிசையா வெயில் காயுது.